வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கலாம்?

சென்னைக்குத் தெற்கே கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம், மறைமலைநகர் பக்கம் குடிவந்த குடும்பங்களில், பிள்ளைக்கு ஐந்து வயது நெருங்கினால் ஒரே பேச்சுதான். எந்தப் பள்ளி? இரண்டு தெரு தள்ளி ஓர் அரசுத் தொடக்கப்பள்ளி இருக்கும். நாலைந்து கிலோமீட்டரில் ஒரு மெட்ரிக் பள்ளி இருக்கும். தாம்பரம் தாண்டி, வேளச்சேரிப் பக்கம், எல்லாரும் பேர் சொல்லும் பெரிய பள்ளி ஒன்று இருக்கும். ரிசல்ட் எப்படி, ஃபீஸ் எவ்வளவு, இங்கிலீஷ் பேசவைக்கிறார்களா என்றெல்லாம் வாரக்கணக்கில் விசாரிக்கிறோம். தூரத்தைப் பற்றி யாராவது கேட்டால் மட்டும், "அதான் வாசலுக்கே பஸ் வருதே" என்று பேச்சு முடிந்துவிடுகிறது.

அங்கேதான் பேச்சு ஆரம்பிக்க வேண்டும் என்பது என் கட்சி. ஆறு வயதுப் பிள்ளைக்குப் பள்ளி பார்க்கும்போது முதலில் பயண நேரம், அப்புறம்தான் பள்ளியின் பேர். பஸ், வேன், ஆட்டோ, ஸ்கூட்டர், நடை என்று எதைத் தேர்ந்தெடுத்தாலும், இந்தத் தேர்வு பத்துப் பன்னிரண்டு வருஷம் அந்தப் பிள்ளையின் உடம்பின் மேல் உட்கார்ந்திருக்கும்.

சட்டம் இதில் நம்மைவிடத் தெளிவாக இருக்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகளில், ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை 1 கிலோமீட்டர் நடைதூரத்துக்குள்ளும், ஆறு முதல் எட்டு வரை 3 கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும் என்றிருக்கிறது. தமிழ்நாட்டு விதிகளிலும் இதே அளவுதான். தனியார் பள்ளியில் 25 சதவீத ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்கும் பெற்றோரும் இந்த 1 கிலோமீட்டரைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது. உயர்நிலைப் பள்ளி 5 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது 2009இல் தொடங்கிய மத்திய இடைநிலைக் கல்வித் திட்டத்தின் இலக்கு. இவையெல்லாம் அரசுக்கு விதித்த கடமை. பெற்றோர் அதைத் தாண்டி அனுப்பக் கூடாது என்று எங்கும் இல்லை. ஆனால் சின்னப் பிள்ளை நடந்து போய்வரும் தூரத்தில் பள்ளி இருக்க வேண்டும் என்பது நம் ஊருக்குப் பழைய எண்ணம். காமராஜர் காலத்தில் குக்கிராமங்களுக்கெல்லாம் தொடக்கப்பள்ளி கொண்டுபோனபோதும் மைல் கணக்கை வைத்துத்தான் இடம் பார்த்தார்கள்.

அதே சட்டத்தின் அட்டவணையில் இன்னொரு கணக்கு இருக்கிறது. தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரப் பாடம். இதோடு பயணத்தை வைத்துப் பாருங்கள். போக ஒன்றேகால் மணி, வர ஒன்றேகால் மணி என்றால் நாளுக்கு இரண்டரை மணி. 200 நாளுக்கு 500 மணி நேரம். 800 மணி நேரப் பாடத்துக்காக 500 மணி நேரம் பஸ்ஸில்! தனியார் பள்ளிகள் 800 மணிக்கு மேலேயே நடத்துகின்றன, சரி. அதற்காக 500 குறைந்துவிடப் போவதில்லை. பள்ளி நாள் கூடினால் அதுவும் கூடவே கூடும். கால் மணி நேரம் நடக்கிற பிள்ளைக்கு இதே கணக்கு 100 மணி நேரம்தான். மிச்சம் 400 மணி நேரமும் அந்த வயதில் தூக்கத்திலிருந்தும் விளையாட்டிலிருந்தும்தான் எடுக்கப்படுகிறது. வேறு எங்கிருந்தும் எடுக்க முடியாது.

கிலோமீட்டரை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். கூடுவாஞ்சேரியிலிருந்து தாம்பரம் சுமார் 13 கிலோமீட்டர். காரில் போகிறவர் அரை மணி என்பார். பள்ளி பஸ் அப்படிப் போகாது. நகர் நகராக உள்ளே புகுந்து, திரும்ப இடமில்லாத தெருவில் பின்வாங்கி, "இதோ வந்துட்டான்" என்று கை காட்டும் அம்மாவுக்காக இரண்டு நிமிஷம் நின்று, அப்புறம் ஜிஎஸ்டி சாலையில், அதாவது சென்னை-திருச்சி நெடுஞ்சாலையில், ஏறும். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்த பிறகு வண்டலூர் பக்கத்து நெரிசலைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பஸ்ஸில் முதலில் ஏறும் பிள்ளைக்கும் கடைசியில் ஏறும் பிள்ளைக்கும் பள்ளி ஒன்று, ஃபீஸ் ஏறக்குறைய ஒன்று, பயணம் மட்டும் ஒன்றாக இருப்பதில்லை. நாற்பது நிமிஷம்கூட வித்தியாசம் வரும். பள்ளியில் "உங்கள் ஏரியாவுக்குப் பஸ் இருக்கிறது" என்பார்கள். அந்த வழித்தடத்தில் உங்கள் பிள்ளையின் நிறுத்தம் எத்தனையாவது என்பதை நாம்தான் கேட்க வேண்டும்.

இனி ஒவ்வொரு வழியாகப் பார்க்கலாம்.

நடைதான் எனக்குப் பிடித்தது, அதை மறைக்கவில்லை. ஆறு வயதுப் பிள்ளை 1 கிலோமீட்டர் நடக்க கால் மணியிலிருந்து இருபது நிமிஷம் ஆகும். பணம் செலவில்லை, டிரைவர் லீவு என்ற பேச்சில்லை, பிள்ளைக்குத் தெருவும் தெரியும், தெருவுக்குப் பிள்ளையும் தெரியும். ஆனால் நடையை அளக்க தூரத்தைவிட வழியில் எந்தச் சாலையைத் தாண்டுகிறோம் என்பது முக்கியம். வீட்டிலிருந்து 700 மீட்டரில் பள்ளி, நடுவே ஜிஎஸ்டி சாலையைக் கடக்க வேண்டும் என்றால் அது சின்னப் பிள்ளைக்கு நடைதூரம் ஆகாது. நகருக்குள்ளேயே ஒன்றரை கிலோமீட்டர் போகிற வழி அதைவிட ஆயிரம் மடங்கு மேல். மூடாத மழைநீர்க் கால்வாய், தெருநாய்க் கூட்டம், தண்ணீர் தேங்கும் இடம் இவற்றை மழைக்காலத்தில் ஒருமுறை நடந்தே பார்த்துவிட வேண்டும். இன்னொன்று பை. பிள்ளையின் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் பை இருக்கக் கூடாது என்கிறது 2020இல் வந்த மத்திய அரசின் புத்தகப்பைக் கொள்கை. இருபது கிலோ பிள்ளைக்கு இரண்டு கிலோ. தண்ணீர் பாட்டில், சாப்பாட்டு டப்பாவோடு அதை எத்தனை பள்ளிகள் தாண்டுகின்றன என்று வீட்டில் தராசு இருப்பவர்கள் பார்க்கலாம்.

மூன்றாம் வகுப்பு வரை ஒரு பெரியவர் கூட நடக்க வேண்டும். நான்கிலிருந்து, ஒரே தெருப் பிள்ளைகள் நாலைந்து பேர் சேர்ந்து போனால் போதும், பெரிய பிள்ளை ஒன்று கூட இருந்தால். பக்கத்துப் பள்ளி அரசுப் பள்ளியாக இருந்தால் பலரும் வாசலோடு நின்றுவிடுகிறார்கள். நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான், ஒரு வேலை நாளில் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு அப்புறம் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒன்றாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர், கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, இந்த மூன்றைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். 2023 ஆகஸ்டிலிருந்து எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளிலும் காலை உணவும் இருக்கிறது. தூரத்துப் பள்ளிக்குப் போகும் பிள்ளை ஆறே முக்காலுக்குப் பாதி இட்லியோடு ஓடுவதையும், பக்கத்துப் பள்ளிப் பிள்ளை உட்கார்ந்து பொங்கல் சாப்பிடுவதையும் நேரில் பார்த்தவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றாது.

சைக்கிள் ஆறாம் வகுப்புக்கு மேல்தான். மூன்று கிலோமீட்டர் வரை, உள்சாலையாக இருந்தால், அதைவிட நல்ல வழி கிடையாது. பதினோராம் வகுப்பில் அரசு தரும் விலையில்லா மிதிவண்டி 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்காக ஆரம்பித்து அப்புறம் எல்லாருக்கும் வந்தது. அதனால் மேல்நிலைப் பள்ளிக்குப் போன பெண்பிள்ளைகள் கிராமத்துக்குக் கிராமம் உண்டு. நெடுஞ்சாலை ஓரத்தில் மட்டும் வேண்டாம். லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே சைக்கிளுக்கு அங்கே இடமே வைக்கவில்லை. அதே காரணத்துக்காக, பத்தாம் வகுப்புப் பையனிடம் ஸ்கூட்டர் சாவியைக் கொடுப்பதும் வேண்டவே வேண்டாம். வயது வராத பிள்ளை வண்டி ஓட்டிச் சிக்கினால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் என்று மோட்டார் வாகனச் சட்டமே சொல்கிறது. சட்டத்தை விடுங்கள், பதினைந்து வயதுக் கைக்கு அந்த வேகம் அடங்காது.

அப்பாவோ அம்மாவோ வண்டியில் கொண்டுபோய் விடுவது நம் ஊரில் சகஜம். நாலைந்து கிலோமீட்டர் வரை இது அருமையான வழி. பிள்ளை பின்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டே வரும், வகுப்பில் யார் யாரை அடித்தார்கள் என்பதுவரை தெரிந்துவிடும். தூரம் கூடினால்தான் கணக்கு மாறுகிறது. விடப் போய்த் திரும்பி, கூப்பிடப் போய்த் திரும்பி என்று தினம் நாலு நடை. 13 கிலோமீட்டர் என்றால் நாளுக்கு 52 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கொடுக்கும் வண்டியில், பெட்ரோல் நூறு ரூபாய்க்கு மேல் விற்கும்போது, 22 நாளுக்கு ஏறக்குறைய 2,500 ரூபாய். அதோடு ஒருவருடைய வேலை நேரம் முழுக்க இந்த நாலு நடையைச் சுற்றியே அமைய வேண்டும். அது பெரும்பாலும் அம்மாவுடைய நேரமாகத்தான் இருக்கிறது. எத்தனையோ பெண்கள் வேலையை விட்டதற்குப் பின்னால் மூன்றரை மணிக்கு அடிக்கும் பள்ளி மணி இருக்கிறது, வெளியில் யாரும் அதைச் சொல்வதில்லை.

ஹெல்மெட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாலு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு ஹெல்மெட் கட்டாயம். அதற்குக் கீழே என்றால் 2023 பிப்ரவரியிலிருந்து ஹெல்மெட்டோடு ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பட்டையும் வேண்டும், வேகம் 40ஐத் தாண்டக் கூடாது. காலை எட்டு மணிக்குப் பள்ளி வாசலில் நின்று பாருங்கள். அப்பா தலையில் ஹெல்மெட் இருக்கும், முன்னால் ஸ்கூட்டர் மேடையில் நிற்கும் பிள்ளை தலையில் எண்ணெய் தடவிய வகிடுதான் இருக்கும். பிரேக் பிடித்தால் முதலில் மோதப்போவது அந்தத் தலை.

அடுத்தது ஆட்டோவும் ஆம்னி வேனும். நாம் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள், பள்ளியில் பஸ் இல்லை, அல்லது நம் தெருவுக்கு வராது என்றால் இதுதான் கைக்கு எட்டும் வழி. நல்ல வேன்கார அண்ணன் கிடைத்துவிட்டால் அவர் வீட்டு மனிதர் மாதிரி. எந்தப் பிள்ளைக்கு வாந்தி வரும், யாரை ஜன்னல் ஓரம் உட்காரவைக்க வேண்டும், யார் வீட்டில் பாட்டி கதவைத் திறக்க நேரமாகும் என்று எல்லாம் அவருக்குத் தெரியும். வாட்ஸ்அப் குழுவில் "முருகன் கோயில் கிட்ட, 5 நிமிஷம்" என்று ஆறரை மணிக்கே குரல் பதிவு போட்டுவிடுவார். இவர்கள் இல்லாவிட்டால் நம் புறநகரில் பாதிக் குடும்பங்கள் வேலைக்கே போக முடியாது.

ஆனால் அந்த அண்ணனின் வருமானம் தலைக்கணக்கில் வருகிறது. எரிபொருள், இன்சூரன்ஸ், எஃப்சி என்கிற வண்டித் தகுதிச் சான்று எல்லாம் போக மிஞ்ச வேண்டும் என்றால் ஏழெட்டு பேர் உட்காரும் வண்டியில் பதினான்கு பிள்ளைகளை ஏற்றினால்தான் கட்டுபடியாகும். மூன்று பேருக்கான ஆட்டோவில் பைகள் வெளியே தொங்க எட்டுப் பிள்ளைகள் போவதும் இதனால்தான். அவரைத் திட்டிப் பயனில்லை. மாதக் கட்டணத்தை நாம் பேரம் பேசிக் குறைத்த ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் உள்ளே ஒரு பிள்ளை கூடுதலாக ஏறுகிறது. ஆகவே வேன் என்று முடிவெடுத்தால் பேரத்தைத் திருப்பிப் போடுங்கள். "எவ்வளவு குறைப்பீர்கள்" என்று கேட்பதற்குப் பதில் "எத்தனை பேரோடு நிறுத்துவீர்கள், அதற்கு எவ்வளவு" என்று கேட்க வேண்டும். நாலைந்து பெற்றோர் சேர்ந்து கேட்டால் நடக்கும்.

வண்டியின் நம்பர் பலகையும் பாருங்கள். வெள்ளைப் பலகை என்றால் சொந்தப் பயன்பாட்டு வண்டி. கூலிக்கு ஆள் ஏற்ற அதற்கு அனுமதி கிடையாது, விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பிடிக்கும் ஓட்டை அதுதான். ஆம்னி உற்பத்தி 2019இலேயே நின்றுவிட்டது. இப்போது ஓடுகிற ஆம்னி எல்லாம் வயதான வண்டிகள், சிலவற்றில் பிள்ளைகள் உட்காரும் இடத்துக்குப் பக்கத்திலேயே கேஸ் சிலிண்டர். அப்புறம், வேனில் ஆயா இருக்க மாட்டார். கடைசியாக இறங்கும் பிள்ளை எவ்வளவு நேரம் டிரைவரோடு தனியாக இருக்கிறது என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, நல்ல டிரைவர் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். உங்கள் பிள்ளைதான் கடைசி என்றால் வழித்தடத்தை மாற்றச் சொல்லுங்கள், அல்லது பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு சேர்ந்து இறங்கும்படி பாருங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளைக்கே மனப்பாடமாகச் சொல்லிக்கொடுக்கலாம்.

பள்ளி பஸ்ஸுக்கு வருவோம். பாதுகாப்பு விதி என்று பார்த்தால் இருப்பதிலேயே அதிகமான விதிகள் இதற்குத்தான், அந்த விதிகள் வந்த கதை வேதனையானது. 2012 ஜூலை 25 அன்று தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில், பள்ளி பஸ்ஸின் தரையில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி இறந்துபோனாள். எஃப்சி முடிந்து சான்றிதழோடு ஓடிய பஸ் அது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது, அந்த ஆண்டே பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகள் வந்தன. மஞ்சள் நிறம், உதவியாளர், அவசர வழி, முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, பெற்றோரும் இருக்கும் போக்குவரத்துக் குழு எல்லாம் அதில்தான் உறுதியாயின. 2022 மார்ச்சில் வளசரவாக்கத்தில் பள்ளி வளாகத்துக்குள்ளேயே வேன் மோதி இரண்டாம் வகுப்பு மாணவன் இறந்த பிறகு, முன்னும் பின்னும் கேமராவும் சென்சாரும் கட்டாயமாயின. ஒவ்வொரு மே மாதமும் ஆர்டிஓ, போலீஸ், கல்வித் துறை சேர்ந்து மைதானத்தில் எல்லாப் பள்ளி வண்டிகளையும் நிறுத்திச் சோதிக்கிறார்கள். தகுதியில்லாத வண்டியைத் திருப்பி அனுப்புகிறார்கள்.

மே மாதச் சோதனையில் தேறிய வண்டி ஜூலையில் எப்படி இருக்கிறது என்பதை நாம்தான் பார்க்க வேண்டும். 2025 ஜூலை 8 காலை கடலூர் செம்மங்குப்பத்தில் ரயில்வே கேட்டில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்கள். வழித்தடத்தில் ரயில்வே கேட் இருக்கிறதா என்று அதற்கு முன்னால் எத்தனை பேர் கேட்டிருப்போம்? நம் பக்கம் தண்டவாளமும் நெடுஞ்சாலையும் அருகருகே ஓடுகின்றன. கேட்டைத் தாண்டும் வழியைவிட, பத்து நிமிஷம் சுற்றினாலும் பாலம் வழி நல்லது.

விதிகள் சொல்லாத ஒன்று உண்டு. அது பிள்ளையின் உடம்பு. என் அக்கா மகள் நாலாம் வகுப்பு வரை இப்படி ஒரு பஸ்ஸில் போய்வந்தாள். காலையில் பால் குடிக்க மாட்டாள், மாலையில் தண்ணீர் பாட்டில் தொடாதபடியே திரும்பி வரும். சளி, சூடு என்று என்னென்னவோ வைத்தியம் பார்த்த பிறகு ஒருநாள் அவளே சொன்னாள், பஸ்ஸில் ஒன்றுக்கு வந்தால் எங்கே போவது என்று பயம், அதனால் குடிப்பதில்லை. மதியம் இரண்டு மணியிலிருந்து வீடு வரும் ஐந்து மணிவரை ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது, சித்திரை வெயிலிலும். சிறுநீர்த் தொற்று வந்தது அதற்கு அப்புறம். பெண்பிள்ளை வைத்திருப்பவர்கள் பலருக்கு இது தெரிந்த கதைதான். ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ் என்றால் இதைப் பேசாமல் முடிவெடுக்கக் கூடாது.

மழைநாளும் அப்படித்தான். நவம்பர், டிசம்பரில் ஆட்சியர் விடுமுறை அறிவிப்பு காலை ஆறரை, ஏழு மணிக்கு வரும் நாள்கள் உண்டு. பக்கத்துப் பள்ளிப் பிள்ளை அதைக் கேட்டுவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொள்ளும். தூரத்துப் பிள்ளை அந்நேரம் பஸ்ஸில் இருக்கும். 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் முழுக்க அடையாற்று வெள்ளத்தில் நின்றதைப் பார்த்த ஊர் இது. பள்ளியிலிருந்து பகல் பன்னிரண்டு மணிக்குக் கூப்பிட்டு "பிள்ளையை அழைத்துப் போங்கள்" என்றால் எத்தனை நிமிஷத்தில் போய்ச் சேருவோம்? பயண நேரத்துக்கு அடுத்தபடி நான் கேட்கும் கேள்வி இதுதான். இதற்கு விடை வைத்துப் பார்த்தால் சில வீடுகளில் வேறு ஒரு வழி புலப்படும். அப்பா அம்மாவில் ஒருவருக்குத் தரமணியிலோ வேளச்சேரியிலோ நிலையான வேலை இருந்தால், அலுவலகத்துக்குப் பக்கத்துப் பள்ளியில் போட்டுக் கூடவே அழைத்துப்போகலாம். தூரம் குறையாது, ஆனால் பிள்ளை தனியாக இல்லை, அவசரம் என்றால் பத்து நிமிஷத்தில் ஆள் இருக்கும். வேலை மாறினால் எல்லாம் கலைந்துவிடும் என்பதுதான் இதில் உள்ள சிக்கல்.

டவுன் பஸ்ஸும் மின்சார ரயிலும் எட்டாம் வகுப்புக்கு மேல் உள்ளவர்களுக்கு. அரசு, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கு இலவசப் பயண அட்டை உண்டு. ரயிலிலும் பள்ளிக்குப் போய்வர பன்னிரண்டாம் வகுப்பு வரை இரண்டாம் வகுப்பு சீசன் டிக்கெட் இலவசம், பெண்களுக்குப் பட்டப்படிப்பு வரை. செங்கல்பட்டு ரயிலைப் பிடித்துத் தாம்பரம் போய்ப் படித்து ஆளானவர்கள் இந்தப் பக்கம் நிறைய. பயம் படிக்கட்டுத் தொங்கல்தான். 2012 டிசம்பர் 10 அன்று பெருங்குடியில் பஸ்ஸில் தொங்கிச் சென்ற மாணவர்கள் மீது லாரி உரசி நாலு பேர் இறந்தார்கள். பையன்களின் திமிர் என்று சொல்லித் தட்டிவிட முடியாது. பள்ளி நேரத்தில் உள்ளே நிற்க இடமுள்ள பஸ் எத்தனை வருகிறது என்பதையும் கேட்க வேண்டும். காலை ஏழரையிலிருந்து எட்டரைக்குள் இரண்டு பஸ்ஸாவது வரும் தடமாக இருந்தால் சம்மதிக்கலாம், ஒன்றுதான் என்றால் வேண்டாம்.

ஹாஸ்டலைப் பத்தாம் வகுப்புக்கு முன் நான் கணக்கிலேயே எடுப்பதில்லை. வீடு மாற்றுவதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. வாடகை வீட்டில் இருப்பவர்கள், பஸ் ஃபீஸையும் பெட்ரோலையும் கூட்டி, பள்ளிக்குப் பக்கத்து வீட்டின் கூடுதல் வாடகையோடு வைத்துப் பார்க்கலாம். இரண்டு பிள்ளைகள் என்றால் பல சமயம் வித்தியாசம் நினைத்த அளவு இருக்காது.

எல்லாம் சேர்த்து என் அளவைச் சொல்கிறேன். வீட்டு வாசலிலிருந்து வகுப்பு வாசல்வரை, ஐந்தாம் வகுப்பு முடியும்வரை அரை மணி நேரம். எட்டுவரை முக்கால் மணி. அதற்கு மேல் ஒரு மணி. இதற்குள் வரும் பள்ளிகளில் சிறந்ததைத் தேடுங்கள், வெளியே உள்ளதை எவ்வளவு புகழ்ந்தாலும் விட்டுவிடுங்கள். ஒன்றாம் வகுப்பிலேயே வேளச்சேரிப் பள்ளியில் இடம் பிடிக்காவிட்டால் அப்புறம் கிடைக்காது என்று பயமுறுத்துவார்கள். ஆறாம் வகுப்பிலும் பதினொன்றிலும் பள்ளி மாற்றுகிற குடும்பங்கள் ஏராளம், இடமும் காலியாகிறது. பதினோரு வயதில் முக்கால் மணி பஸ்ஸைத் தாங்கும் பிள்ளை ஆறு வயதில் அதைத் தாங்க வேண்டும் என்று என்ன அவசியம்?

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. காது கேளாத பிள்ளைக்கோ ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கோ ஏற்ற பள்ளி 20 கிலோமீட்டரில்தான் இருக்கிறது என்றால் போகத்தான் வேண்டும், அப்போது குடும்பமே அதைச் சுற்றி அமைய வேண்டும். வால்பாறை, நீலகிரி மாதிரி மலைப் பகுதிகளில் பக்கத்தில் பள்ளியே இல்லாத குடியிருப்புகள் உண்டு. அங்கே எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைக்குப் போக்குவரத்துச் செலவாக ஆண்டுக்கு அதிகபட்சம் 6,000 ரூபாய் சமக்ர சிக்ஷா என்ற மத்திய பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஒதுக்க வழி இருக்கிறது. உங்கள் உறவில் யாராவது அப்படிப்பட்ட இடத்தில் இருந்தால் தலைமையாசிரியரிடம் கேட்கச் சொல்லுங்கள். இங்கிலாந்தில் எட்டு வயதுக்குக் கீழே 2 மைலுக்கும், அதற்கு மேல் 3 மைலுக்கும் தள்ளித் தகுந்த பள்ளி இருந்தால் உள்ளாட்சியே இலவசமாக வண்டி விடவேண்டும் என்று சட்டம் வைத்திருக்கிறார்கள். நம் நகரங்களிலும் அதைக் கேட்கும் நாள் வர வேண்டும்.

ஃபீஸ் கட்டுவதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ஒரு திங்கட்கிழமை காலை, பஸ் கிளம்பும் அதே நேரத்துக்கு, அந்தப் பஸ்ஸின் பின்னாலேயே வண்டியில் போங்கள். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், ஜிஎஸ்டி சாலை அன்று வேறு சாலை. முடிந்தால் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள், இறங்கியதும் எப்படி இருக்கிறது என்று அவர்களிடமே கேளுங்கள். மாலையில் ஒருமுறை பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நில்லுங்கள். பஸ்ஸில் ஆயா இருக்கிறாரா, பிள்ளைகளை எண்ணி ஏற்றுகிறார்களா, இறக்கியபின் தூங்கிப்போன பிள்ளை யாராவது இருக்கிறார்களா என்று கடைசி சீட்டுவரை நடந்து பார்க்கிறார்களா என்பதெல்லாம் அந்தப் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். இவற்றில் எதையாவது கேட்டதற்குப் போக்குவரத்துப் பொறுப்பாளர் எரிந்து விழுந்தால், விண்ணப்பப் படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.